கட்டில் அளவு நிலம்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் குரு செங்கோடரைவிடச் சீடர் தணிகாசலத்துக்குப் பத்து வயது கூடுதல். வேளாண்மைக் கல்லூரியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சொல்லிக்கொடுக்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஆனி மாதம் நாலு சாக்குப் புதுச் சாமை விதையைக் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு எருமைப்பாறைக்குப் போனார். மலைமேல் நாற்பது வீடு. வீட்டுக்கு ஒரு பங்கு கொடுத்து, இரண்டு மடங்கு விளையும் என்றார். இறங்கி வந்ததும் முழங்கால் வீங்கிவிட்டது. அப்புறம் மலை ஏறவில்லை, சந்தைக்கு வருகிறவர்களைக் கேட்பதோடு சரி.

"வெதைச்சாச்சா?"

"வெதைச்சாச்சுங்க அய்யா."

புரட்டாசியில் காற்றோடு ஒரு மழை அடித்தது. விடிந்து பார்த்தால், ஆசிரமத்துத் தோட்டத்தில் அவர் விதைத்திருந்த அதே சாமை கதிர்க்கனம் தாங்காமல் பாயாகப் படுத்துக் கிடந்தது. தணிகாசலம் குருவைத் தேடிப் போனார். நாற்பது வீட்டுக்கும் வருடச் சோறு அதுதான்.

"குருவே, அவர்கள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேன்."

"போய்ப் பார்ப்போம்."

முழங்காலை மறந்து ஏறினார் தணிகாசலம். கடைசித் திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்தார்.

சரிவு முழுக்கச் சாமை நின்றுகொண்டிருந்தது. பழைய சாமை. ஒவ்வொரு சாமைக்காட்டின் ஓரத்திலும் கட்டில் அளவு இடம் மட்டும் சாய்ந்து கிடந்தது.

அந்த ஊர்க் குப்பாச்சி களைக்கொத்தோடு வந்தாள். "வாங்க சாமி. வாங்கய்யா, கால் தேவலைங்களா?"

"என் விதை எங்கேம்மா?"

"அந்தா படுத்திருக்குதுங்களே. புது வெதைக்கு மொத மூணு வருசம் கட்டில் அளவு எடந்தானுங்க. எங்க வழக்கம். மிச்சம் பானையில பத்திரமா இருக்குதுங்க."

தணிகாசலம் வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. என் பேச்சைக் கேட்காமல் இருந்தீர்களே, மகராசிகளா, என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கொஞ்சம் ரோஷமும் வந்தது.

"வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"மூச்சு வாங்க ஏறி வந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

குரு அதற்குள் சாய்ந்த பயிருக்குள் இறங்கியிருந்தார். அங்கே நாலே நாலு தாள் விழாமல் நின்றன. ஒவ்வொன்றிலும் சேலைக்கிழிசல் கட்டியிருந்தது.

"இது எதுக்கம்மா?" என்றார் குரு.

"காத்துக்கு நின்னுச்சுங்களே சாமி. அடுத்த வருசத்துக்கு அய்யாவோட வெதையில இதுதானுங்க வெதை."

தணிகாசலம் எழுந்து போய் ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"குருவே, அடுத்த ஆனிக்கு நான் இவர்களுக்கு என்ன கொண்டு வரட்டும்?"

செங்கோடர் சொன்னார்: "வெறும் சாக்கு."