ஐந்தாவது அடுக்கு

“எங்க அம்மா எலும்பு மட்டும் வழிவிட மாட்டேங்குது, மேடம்.”

லில்லிபுஷ்பம் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றபோது, ரஹ்மத்நிஷா தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஆசிரியை மாணவியைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அவர் வாயைத் திறந்தால் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் பேனாவைத் தேடுவார்கள். அவர் திறப்பதுதான் அபூர்வம்.

காதுக்கு எட்டாத ஒலியை எலும்புக்குள் அனுப்பி, எலும்பு எவ்வளவு உளுத்திருக்கிறது என்று அறிவது அங்கே வேலை. ஒலி எந்த அடுக்கில் எவ்வளவு திரும்பும், எவ்வளவு உள்ளே போகும் என்று கணினியில் முன்னதாகவே கணக்குப் போட்டு வைப்பது லில்லியின் பங்கு. தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிக் கிடந்த மாட்டெலும்பில் அவள் கணக்கு அச்சுப் பிசகாமல் பலித்தது.

அம்மாவின் காலில் பலிக்கவில்லை. திரையில் கோடு படுத்தே கிடந்தது.

“எத்தனை அடுக்கு போட்டீங்க?”

“நாலு. தோல், கொழுப்பு, கெட்டி எலும்பு, மஜ்ஜை.”

“அஞ்சு இருக்கு.”

அவ்வளவுதான். ரஹ்மத்நிஷா தேநீர் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

லில்லி தன் மேசைக்குத் திரும்பினாள்.

அப்பா இறந்தபோது அவள் ஏதோ கருத்தரங்குக்காகக் கடல் கடந்து போயிருந்தாள். அடக்கத்துக்கு வந்து சேரவில்லை. அன்று முதல் அம்மா ஞானப்பூ மகளிடம் முகம்கொடுத்துப் பேசியதில்லை. இப்போது வழுக்கி விழுந்து, வேறு போக்கிடம் இல்லாமல் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். “சோறு வச்சிருக்கேன்மா” என்றால் ஒரு “ம்”. அதோடு சரி.

எலும்பெல்லாம் பொக்காகிவிட்டது என்றார் டாக்டர். இன்னும் எவ்வளவு மிச்சம்? இன்னும் எத்தனை காலம் அந்த “ம்” ஆவது கிடைக்கும்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் லில்லி தவித்தாள்.

மறுநாள் ஓடி வந்தாள்.

“கண்டுபிடிச்சிட்டேன் மேடம்! எலும்பைப் போர்த்தி ஒரு சவ்வு இருக்கு. அதை விட்டுட்டேன்.”

“அது உள்ளே. நான் சொன்னது வெளியே.”

“தோலுக்கு வெளியே என்ன இருக்கு? ஒண்ணுமே இல்லையே.”

“அந்த ஒண்ணுமில்லாததைக் கணக்குல சேருங்க.”

“நேரா ஒரு பதில் சொன்னா உங்க சம்பளத்தைப் பிடிச்சிருவாங்களா, மேடம்?”

ரஹ்மத்நிஷா சிரித்தார்.

லில்லி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். கருவிக்கும் தோலுக்கும் நடுவே மயிரிழை அளவு காற்றை வைத்தாள். கணக்கை ஓடவிட்டாள்.

ஒலி தோலைக்கூடத் தொடவில்லை. போன வேகத்தில் திரும்பிவிட்டது.

காற்றை எடுத்தாள். எலும்பை இரண்டு மடங்கு தடிமனாக்கிப் பார்த்தாள்.

ஒலி தேய்ந்து, மெலிந்து, எப்படியோ வந்து சேர்ந்தது.

வலிக்குமோ, ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்து, காற்று புகாமலிருக்கத் தடவும் பசையை அம்மாவின் காலில் மேலிருந்தே சொட்டவிட்டது நினைவுக்கு வந்தது. கருவியைப் பட்டும் படாமலும் பிடித்ததும்.

மறுபடியும் அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தாள்.

ஞானப்பூ ஆசிரியையைப் பார்த்துத்தான் பேசினாள்.

“என்னம்மா, மாட்டெலும்பு தீந்துபோச்சா? திரும்பவும் என்னைய இழுத்துட்டு வந்திருக்கா?”

“மாடு இவ்வளவு பேசாதும்மா” என்றார் ரஹ்மத்நிஷா.

“பேசி என்னத்துக்கு? இவளுக்கு என் எலும்பு மட்டுந்தான் வேணும்.”

லில்லி திரையை எட்டிப் பார்த்தாள். ரஹ்மத்நிஷா எழுந்து வந்து, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி லில்லிக்குப் பார்க்க அம்மாவின் கால்தான் இருந்தது.

தரையில் மண்டியிட்டாள். பசையைத் தன் உள்ளங்கையில் பிழிந்து சூடு ஏறும்வரை வைத்திருந்தாள். பிறகு அம்மாவின் முழங்காலுக்குக் கீழே, வறண்டு செதில் செதிலாய் வெடித்திருந்த தோலில் வைத்துத் தேய்த்தாள். வெடிப்புகள் நிறையும்வரை தேய்த்தாள். தேய்த்து முடிந்த பிறகும் தேய்த்தாள்.

லில்லி கருவியை வைத்து அழுத்தினாள்.

“வருது” என்றார் ரஹ்மத்நிஷா.

லில்லி திரும்பவில்லை. அம்மாவின் கால் நடுங்கியது. பதறிப்போய்ப் பிடியைத் தளர்த்தினாள்.

“வலிக்குதாம்மா?”

“வலிக்கத்தான் செய்யுது” என்றாள் ஞானப்பூ. “அதுக்குன்னு கைய எடுத்துருவியாட்டி?”