மருதனுக்கு மூன்று நாள் காவல்

கருமலைக் காட்டுக் குரங்குகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வயிற்றுப்போக்கு கண்ட குரங்கை அவை தனியாக ஓர் அத்திமரத்தில் உட்கார வைத்துவிடும். மூன்று நாளைக்கு அதற்குத் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. திருட்டுத்தனமாக ஓடைக்கு இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, நெருங்கிய சொந்தம் ஒன்றைக் காவலுக்கு நிறுத்தும்.

அந்தக் கோடையில் மருதன் என்ற குரங்கு, எருமைகள் புரண்ட குட்டையில் வாய் வைத்துவிட்டான். மறுநாள் விடிந்ததிலிருந்து அவனுக்கு வயிறு நிற்கவில்லை. அவனுடைய அக்கா கொன்றையைக் காவலுக்கு நிறுத்தினார்கள்.

"அடியில் ஓட்டையான குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா? ஊற்றுவதை நிறுத்து, ஒழுகுவது தானாக நிற்கும்!" என்றான் கூட்டத் தலைவன் பெருந்தாடி.

"நியாயமான பேச்சு!" என்றன மற்ற குரங்குகள்.

கொன்றைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் மருதன் கெஞ்சினான். "அக்கா, ஒரே ஒரு வாய்!"

"மூச்! உன் நல்லதுக்குத்தான்."

இரண்டாம் நாள் அவன் திட்டினான். "நீ அக்காவா, அரக்கியா?"

திட்டுகிற தெம்பு இருக்கிறதே என்று கொன்றை ஆறுதல் அடைந்தாள்.

மூன்றாம் நாள் அவன் கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. ஆனால் காலையிலிருந்து வயிறு போகவில்லை. பெருந்தாடி கீழே நின்று தொடையைத் தட்டினான். "நின்றுவிட்டது பார்! என் வைத்தியம் எப்போதாவது பொய்த்திருக்கிறதா?"

குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் குதித்தன. கொன்றையும் மகிழ்ச்சியோடு தம்பிக்குப் பேன் பார்க்க உட்கார்ந்தாள். வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, பேனை எடுத்தபின் தோலை விட்டாள்.

தூக்கிய தோல் உடனே கீழே போகவில்லை. மடித்த இலைபோலச் சற்று நேரம் அப்படியே நின்றது.

கொன்றை தன் வயிற்றைக் கிள்ளிப் பார்த்தாள். விட்ட நொடியில் தோல் சமமாகிவிட்டது. மறுபடி தம்பியைக் கிள்ளினாள். மறுபடியும் மடிப்பு மெல்லத்தான் இறங்கியது. அவன் கண்கள் குழிக்குள் போயிருந்தன. நாக்கு மரப்பட்டைபோலக் காய்ந்திருந்தது.

அப்போது அத்திப்பழம் தின்ன ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. காட்டோர ஊரில் நர்சம்மா வீட்டுக் கூரையில்தான் அதன் கூடு. பார்த்ததையும் கேட்டதையும் பத்து இடத்தில் சொல்லாவிட்டால் அதற்குப் பழம் செரிக்காது.

"உன் தம்பி கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?" என்று கேட்டது மைனா.

"நேற்று மத்தியானம். ஏன்?"

"சரிதான்! குணமாகி ஒன்றும் வயிறு நிற்கவில்லை. வெளியே போக உள்ளே எதுவும் மிச்சமில்லை!"

"அவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் எல்லாம் ஒழுகிவிடுமே!"

"ஒழுகட்டும். ஒழுகுவதைவிட அதிகமாக ஊற்று. உடம்பில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான், கொன்றை. அது குறைந்தால் ரத்தம் குறையும். ரத்தம் குறைந்தால் நெஞ்சு வேகவேகமாக அடித்துப் பார்க்கும். முடியாதபோது நின்றுவிடும்."

கொன்றை தம்பியின் நெஞ்சில் கை வைத்தாள். அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"வெறும் தண்ணீர் போதுமா?"

"உப்பும் இனிப்பும் வேண்டும். இரண்டும் ஜோடியாகப் போனால்தான் குடல் சட்டென்று கதவைத் திறக்கும். தண்ணீர் அவற்றின் பின்னாலேயே உள்ளே போய்விடும். சீக்கிரம் ஓடு! அவன் விழித்திருந்து விழுங்க முடிகிறவரைதான் நம்மால் ஏதாவது செய்ய முடியும். மயங்கிவிட்டால் ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். காட்டில் ஊசிக்கு எங்கே போவாய்?"

காவலை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். கொன்றை இறங்கினாள். தேனெடுக்க வந்தவர்கள் விட்டுப்போன சுரைக்குடுக்கையில் பாறை ஊற்றின் தெளிந்த நீரைப் பிடித்தாள். அதில் ஒரு தேனடைத் துண்டைப் பிழிந்தாள். மான்கள் நக்குவதற்காக வனக்காவலர்கள் வைத்திருந்த உப்புக்கட்டியிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துப் போட்டுக் கலக்கினாள்.

மைனா ஒரு சொட்டு சுவைத்தது. "தூ! இது மருந்தா, கடலா? கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது! உப்பு மிஞ்சினால் அதுவே அவனைக் கொல்லும்."

கொன்றை அத்தனையையும் கொட்டிவிட்டு, மறுபடி கலந்தாள். இந்த முறை தேன் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகைதான்.

அதற்குள் பெருந்தாடி மரத்தை மறித்து நின்றான். "காவல்காரியே களவு செய்கிறாயா? தம்பியைக் கொல்லப் போகிறாயா?"

"மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், பெரியவரே. வழி விடுங்கள்!"

அவன் வழி விடவில்லை. கொன்றை பக்கத்து மரத்தில் ஏறி, அங்கிருந்து அத்திமரத்துக்குத் தாவினாள்.

மருதன் ஆவலில் மடமடவென்று குடித்தான். குடித்ததை அப்படியே வாந்தி எடுத்தான்.

"சொன்னேனே!" என்று கத்தினான் பெருந்தாடி.

"கொஞ்சம் பொறு," என்றது மைனா கொன்றையிடம். "பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு மடக்காகக் கொடு."

கொன்றை காத்திருந்தாள். பிறகு ஒரு மடக்கு. மூச்சு விட்டு இன்னொரு மடக்கு. வெயில் சாய்வதற்குள் மருதனுக்கு இரண்டு முறை வயிறு போனது. ஒவ்வொரு முறையும் கீழே இருந்த குரங்குகள் "ஐயையோ!" என்றன. ஒவ்வொரு முறையும் கொன்றை குடுக்கையை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் பெருந்தாடி மரத்தடியில் நின்று கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொன்னான். "முன்னோர் வழக்கத்தை மீறினவளின் தம்பி நாளை விடிவதற்குள்..."

அவன் தாடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது.

"மழையா?" என்று அண்ணாந்து பார்த்தான்.

மழை இல்லை. மேலே மருதன் கிளையைப் பிடித்துக்கொண்டு, நீளமாக, நிம்மதியாகச் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான்.

"மன்னியுங்கள் பெரியவரே! உங்களைப் பார்க்கவில்லை!" என்றான் மருதன். குரல் கம்மியிருந்தது. ஆனால் குரல் வந்தது. "அக்கா, இன்னும் ஒரு வாய்!"

கொன்றை குடுக்கையை நீட்டினாள்.

வயிற்றால் போகிறவருக்குத் தண்ணீரைத் தடுப்பவர், எவ்வளவு அன்போடு தடுத்தாலும், நோய்க்குத்தான் துணைபோகிறார்.