நூலில் பூசிய நீறு

கடலோர வானிலை நிலையம் ஒன்றில் ஹைட்ரஜன் வாயுவைப் பலூனில் நிரப்பிப் பறக்கவிடுவதே அகோரமூர்த்தியாருக்கு வாய்த்த திருப்பணி. பலூனின் அடியில் தொங்கும் சிறு பெட்டி மேகத்தைத் தாண்டிப் போய், அங்கங்கே காற்றில் எவ்வளவு ஈரம் என்று கீழே சொல்லிக்கொண்டே இருக்கும். வாயுக் கொட்டகையில் தீக்குச்சி உரசக்கூடாது. கற்பூரம் காட்ட வழியில்லாத பக்தர் என்ன செய்வார்? பலூன் நூலில் ஒரு விரல் திருநீறு பூசி, "அப்பனே, உன் பக்கம் வருது, பாத்துக்க" என்று சொல்லி விடுவார்.

"நீறு அனுப்பினா நீர் வருமாண்ணே?" என்று உடன் வேலை செய்த குணாளன் கிண்டல் செய்வார். மழை பொய்த்த ஆண்டு அது. சுருக்கென்று தைத்தாலும் அடியார் சிரித்துக்கொள்வார்.

ஒரு நாள் காலை, மேலே போகப் போகப் பெட்டி ஈரம் ஈரம் என்றே சொல்லியது. வறண்டு கிடந்த வானத்தில் அவ்வளவு ஈரத்தை அதிகாரி மீனலோசனி நம்பவில்லை.

"ஐயா, உங்க திருநீறு ஈரம் அளக்கிற முனையில பட்டுச்சா?"

பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். அடியாருக்கு நாக்கு அப்படிப் புரளாது.

"பட்டிருக்கும்மா. காத்துல கொஞ்சம் பறந்துச்சு."

"அப்போ இனிமே பலூன் பக்கம் வராதீங்க. குணாளன் பாத்துக்கட்டும்."

அந்தச் சொல்லில் அவருக்கு உயிரே போய்விட்டது. பலூனைத் தொடாத நாள் அவருக்குச் சாமி கும்பிடாத நாள். சரிபார்க்க அன்றே இரண்டாவது பலூனை நீறு பூசாமல் குணாளன் விட்டார். வேலிக்கு வெளியே நின்ற அடியார் தம் பணியைத் திருப்பிக் கேட்கவில்லை. "என் தப்பால உன் வானம் பொய் சொல்லுச்சுன்னு பேர் வரக்கூடாதுப்பா" என்று மட்டும் வேண்டினார்.

இரண்டாம் பெட்டியும் அதே ஈரத்தையே சொன்னது. மீனலோசனி கனமழை எச்சரிக்கையை அனுப்பிவிட்டு எழுந்து வருவதற்குள், கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று விழத் தொடங்கியது.

குணாளன் நனைந்துகொண்டே ஓடி வந்தார். "நீர் வந்துடுச்சுண்ணே," என்றார்.

அதிகாரி குடையை நீட்டினார். "நாளைக்கு நீங்களே விடுங்கய்யா. நீறு மட்டும் நூலோட நிக்கட்டும், பெட்டி வரைக்கும் வேணாம்."

போன உயிர் அடியாருக்குத் திரும்பி வந்தது. குடைக்குள் நுழையாமல் நின்றார். நெற்றி நீறு கரைந்து கன்னத்தில் வழிந்தது. நாள்தோறும் நீற்றை மேலே அனுப்பியவருக்குத் தன் சடைநீரையே இறக்கிப் பதில் சொன்னான் இறைவன். கற்பூரம் ஏற்றாமலே கருணை பெற்ற அந்த எளிய அன்பு வாழ்க.