திட்டத்தில் இரண்டு கூடுதல்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, டீச்சர்?"

வணக்கம்கூடச் சொல்லாமல் இதைச் சொல்லிக்கொண்டேதான் மலைக்கண்ணன் உள்ளே வந்தார்.

மெகர்பானு டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்கு என்ன வயசு சார்?"

"ஐம்பத்தொண்ணு."

"அப்ப நாற்காலி போடச் சொல்றேன். பெஞ்சுல வளைஞ்சு உக்கார முடியாதுல்ல."

மலைக்கண்ணன் அந்த மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி ஒருங்கிணைப்பாளர். கணினி, டேப்லெட், ஸ்மார்ட் போர்டு என்று மேலிருந்து எது வந்து இறங்கினாலும், அதை ஆசிரியர்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பு அவர் தலையில்தான் விடியும். மெகர்பானு ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. வயதில் அவருக்கு இளையவர். பேச்சில் கருமி.

இருந்தும் அவரைத் தேடி மலைக்கண்ணன் வந்ததற்குக் காரணம் இருந்தது. மாவட்டம் முழுக்க ஸ்மார்ட் போர்டுகள் உறை மாட்டித் தூங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பள்ளியில் மட்டும் எல்லா வகுப்பிலும் விழித்திருந்தன.

"ஒங்க டீச்சர்மாருக்கு என்ன பயிற்சி குடுத்தீக? அதை மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

"ஒண்ணும் குடுக்கலையே."

"மறைக்காதீக டீச்சர்."

"சாப்ட்டீகளா?"

"சாப்பாடு கிடக்கட்டும். போன தடவை மூணு நாள் பயிற்சி வச்சேன். பாடம் எடுக்க நல்ல கருத்தாளர்களாப் பாத்துப் பிடிச்சேன். வடை, டீ, ஒரு குறை கிடையாது. எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினாக. ஊருக்குப் போய் டேப்லெட்டைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. நாய் வாலை நிமித்துன கதைதான்."

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீக?"

மலைக்கண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சவரியம்மா டீச்சர் விருப்ப ஓய்வுல போறேங்குறாக. இந்த மாசக் கடைசியோட."

மெகர்பானு பேனாவை மூடி வைத்தார்.

சவரியம்மாளைத் தெரியாதவர்கள் அந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் இல்லை. எழுத்தே ஏறாது என்று கைகழுவிவிட்ட பிள்ளைகளை அடுத்த ஊர்க்காரர்கள்கூடக் கொண்டுவந்து அவரிடம் விடுவார்கள். ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரும் பத்திரிகையை அப்பனுக்கு வாசித்துக் காட்டும். அவர் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வரலாம். சவரியம்மாள் வரமாட்டார்.

"எதுக்காகப் போறாகளாம்?"

"பிள்ளைக வருகையை டேப்லெட்ல போடணும்ல. அவுகளுக்கு அது பிடிபடலை. பிள்ளைக அத்தனையும் கண்ணு முன்னாடி உக்காந்திருக்கும். மேல ஆபீஸ்ல பாத்தா ஒருத்தரும் வரலைன்னு காட்டும். தினமும் அங்கருந்து போன் போட்டுக் கேக்குறாக. 'வந்த பிள்ளையை வரலைன்னு சொல்ற பாவம் எனக்கு வேண்டாம் சார்'ங்குறாக. அடுத்த வாரம் புதுப் பயிற்சி வச்சிருக்கேன். அதுக்குள்ள என் திட்டத்தைச் சரி பண்ணலைன்னா, ஒரு நல்ல டீச்சரை ஒரு டேப்லெட்டுக்குப் பலி குடுத்தவன்னு ஆயிரும்."

பையிலிருந்து திட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கெட்டி அட்டை போட்ட திட்டம். மெகர்பானு அதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"நல்லாருக்கு."

"குறை இருந்தாச் சொல்லுங்க."

"குறை இல்ல சார். கூடுதல்தான் இருக்கு."

"எவ்வளவு?"

"ரெண்டு."

"எது ரெண்டு?"

மணி அடித்தது. மெகர்பானு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

*

வீடு போய்ச் சேரும்வரை மலைக்கண்ணனுக்கு அந்த 'ரெண்டு' மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அவர் இருபது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணக்கு என்று வந்துவிட்டால் விடமாட்டார்.

மூன்று நாள் பயிற்சியில் இரண்டு நாள் கூடுதல் என்று விடை கண்டுபிடித்தார். அடித்துத் திருத்தி, மறுநாளே கொண்டுபோய்க் காட்டினார்.

மெகர்பானு படித்தார். "ஒரே நாள்தானா?"

"நீங்கதான ரெண்டைக் கழிக்கச் சொன்னீக."

"இன்னும் ரெண்டு கூடுதலாத்தான் இருக்கு சார்."

திரும்பி வந்து யோசித்தார். கருத்தாளர்களில் இரண்டு பேருக்குச் சத்தமான குரல், சரக்குக் குறைவு. பட்டியலிலிருந்து தூக்கினார். போதாது என்று தோன்றியது. வடையையும் டீயையும் தூக்கினார். அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்த திருப்தியோடு மூன்றாம் தடவை போய் நின்றார்.

மெகர்பானுவின் முகம் வாடிவிட்டது.

"வடையை ஏன் சார் எடுத்தீக? பாவம், டீச்சர்மாரு காலையில சமைச்சு வச்சுட்டு, சாப்பிடாம ஓடி வருவாக. வடையைத் திருப்பிப் போடுங்க."

"அப்ப ரெண்டு?"

"அது அப்படியேதான் இருக்கு."

மலைக்கண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எத்தனை தடவை ரெண்டைக் கழிச்சாலும் திரும்ப ரெண்டே நிக்குதுன்னா, அது என்ன கணக்கு டீச்சர்?"

"இன்னும் கழிக்கலைன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு மேசைமேல் கிடந்த அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு மெகர்பானு வராந்தாவில் நடந்தார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. மலைக்கண்ணன் பின்னாலேயே போனார்.

ஏழாம் வகுப்பு வாசலில் மெகர்பானு நின்றார்.

உள்ளே அறிவியல் டீச்சர் ஸ்மார்ட் போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு இதயம் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. சத்தம் வரவில்லை. டீச்சர் அதைத் தட்டினார், இதைத் தட்டினார். இதயமே காணாமல் போனது.

"போச்சு டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

மலைக்கண்ணனுக்குப் பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிட்டது. ஒலியை மூடிவைத்திருக்கிறார்கள். ஒரே தட்டில் திறந்துவிடலாம். அவர் கால் தானாக வாசல்படியில் ஏறியது.

அடிஸ்கேல் குறுக்கே நீண்டது.

"டீச்சர், ஒரு நிமிச வேலை."

"ம்."

"பாவம், தவிக்கிறாக."

"ம்."

ஸ்கேல் நகரவில்லை. உள்ளே ஒரு பெண்பிள்ளை எழுந்து ஒரு யோசனை சொன்னது. அது தப்பு. இன்னொருத்தி ஒன்று சொன்னாள். அது அதைவிடத் தப்பு. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இதயம் திரும்பி வந்தது. ரொம்ப நேரம் கழித்து, லப்டப் லப்டப் என்று வகுப்பறை முழுக்கச் சத்தம் கேட்டது.

பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். டீச்சர் வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார். கூச்சமே படவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடத்தை எடுத்தார்.

"பாடத்துல பத்து நிமிசம் போச்சு. என்னை விட்டிருந்தா அப்பவே முடிச்சிருப்பேன்" என்றார் மலைக்கண்ணன்.

"ஆமா சார். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீக?"

"நாளைக்கா? நான் எதுக்கு நாளைக்கு வரணும்?"

மெகர்பானு ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

*

வண்டியை உதைத்துக் கிளப்பியபோது மலைக்கண்ணன் வாயில் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தெரியாது என்று சொல்ல வேண்டும். இப்படி ஆளை அலையவிடுவது என்ன பழக்கம் என்று காற்றிடம் கேட்டுக்கொண்டே வந்தார். சவரியம்மாளின் ஊருக்குப் பிரியும் விலக்கு வந்தது. கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம் என்று திரும்பினார்.

சின்னத் தொடக்கப்பள்ளி. சவரியம்மாள்தான் பொறுப்புத் தலைமையாசிரியை. பிள்ளைகளுக்கு எழுதக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர். அடுத்த வாரம் பயிற்சி இருக்கு. இந்தத் தடவை நானே ஒங்க பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன்."

சவரியம்மாள் சிரித்தார். "போன தடவையும் நீங்கதான சார் பக்கத்துல நின்னீக."

"நானா?"

"'குடுங்க டீச்சர்'னு வாங்கினீக. நாலு தட்டுத் தட்டினீக. 'அம்புட்டுத்தான்'னு திருப்பிக் குடுத்தீக. எம்புட்டுன்னுதான் எனக்குத் தெரியலை."

மலைக்கண்ணனுக்கு அது ஞாபகத்தில்கூட இல்லை. எத்தனை பேரிடம் வாங்கியிருப்பார், எத்தனை பேரிடம் திருப்பிக் கொடுத்திருப்பார்.

"சுத்தி இருந்தவுக சிரிச்சாக. நானும் சேந்து சிரிச்சேன். பஸ்ஸுல வரும்போது அழுகை வந்துருச்சு" என்றார் சவரியம்மாள். "கோவமில்ல சார். நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீக."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது மலைக்கண்ணனுக்கு.

"டேப்லெட்டை எடுத்துட்டு வாங்க டீச்சர்."

பீரோவைத் திறந்து, துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்தார். நோயாளியைத் தொடுவதுபோல் தொட்டு உயிர்ப்பித்தார். திரை வெளிச்சமானது. ஆள்காட்டி விரல் அதன்மேல் நின்றது, இறங்கவில்லை.

"இந்தாங்க சார். நீங்களே போட்டுருங்க. இன்னைக்கு ஒரு நாளாவது என் பிள்ளைக வந்ததா இருக்கட்டும்."

"குடுங்க டீச்சர்" என்றார் மலைக்கண்ணன்.

சொல்லி முடிக்கும் முன்பே டேப்லெட்டைப் பாதி வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் அவை அவர் கண்ணில் பட்டன. விரல்களை விரித்துக்கொண்டு, அவரைக் கேட்காமலே நீண்டிருந்தன, அவருடைய கைகள்.

"ரெண்டு" என்றார் வாய்விட்டு.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. நீங்களே வச்சுக்கங்க."

பிள்ளைகளின் பெஞ்சு ஒன்றில் போய், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கிசுகிசுத்தன.

"போடுங்க டீச்சர். நான் எங்கயும் போகலை. இங்கதான் இருக்கேன்."

சவரியம்மாள் ஒன்றைத் தொட்டார். வேறெங்கோ போனது.

"கெட்டுப்போச்சா சார்?"

"கெடாது."

"இப்ப என்ன பண்ண?"

"வந்த வழி தெரியுதான்னு பாருங்க."

தேடினார். மலைக்கண்ணனுக்கு உள்ளங்கை அரித்தது. திரும்பும் வழி திரையின் இடது ஓரத்தில், கண்ணைக் குத்துகிற மாதிரி நின்றது. அவர் பெஞ்சில் நெளிந்தார். பெஞ்சு முனகியது. சத்துணவுக்கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்தது. எந்தப் பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. எல்லாக் கண்ணும் டீச்சரின் விரல்மேல்.

"இந்த அம்புக்குறியா சார்?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். திரும்பி வந்தார். மறுபடி தப்பாகப் போனார். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை, அவராகவே திரும்பினார். அப்புறம் திரையில் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

சவரியம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகக் கூப்பிட்டது.

"அன்னக்கொடி."

"உள்ளேன் டீச்சர்!"

விரல் இறங்கியது. சிவப்பாக இருந்த கட்டம் நிறம் மாறியது.

சவரியம்மாள் அதையே பார்த்தார். "பச்சையாயிருச்சு சார்."

"ஆமா டீச்சர்."

"பிரான்சிஸ்."

"உள்ளேன் டீச்சர்!"

"ராக்கம்மா."

"உள்ளேன் டீச்சர்!"

ஒவ்வொரு குரலுக்கும் ஒரு தட்டு. குரல்கள் ஏறிக்கொண்டே போயின. கடைசிப் பிள்ளை கத்தியதில் வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது.

பிள்ளைகள் பெயர் முடிந்த பிறகும், கீழே ஒரு வரி மிச்சம் இருந்தது. ஆசிரியர் என்று போட்டு, ஒரு பெயரும் ஒரு சிவப்புக் கட்டமும்.

சவரியம்மாள் அதைப் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

"சவரியம்மாள்."

பிள்ளைகள் அத்தனையும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தன.

"உள்ளேன்" என்று சொல்லித் தட்டினார்.