நேரில் கண்டேன்

பல்லடத்தில் பனியன் கம்பெனிப் பெண்களின் பிள்ளைகளை, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து தாய்மார் வரும்வரை பார்த்துக்கொண்டவள் குருவம்மா. அந்தப் பிள்ளைகள் காப்பு மையத்துக்கு லைசென்ஸ் கேட்டு மூன்று முறை மனுப் போட்டாள். மூன்று முறையும் அதிகாரி நல்லசிவம் திருப்பிவிட்டார்.

"மையம் நடக்குதுன்னு சர்க்கார் அதிகாரி சான்று வேணும்மா."

"நீங்களே வந்து பாருங்க சார்."

"லைசென்ஸ் இல்லாத இடத்துக்குச் சான்று தர முடியாது. மீறி நடத்தினா சீல் வெச்சுடுவேன்!"

சீல் வைத்தால் பிள்ளைகள் ரோட்டில்தான். குருவம்மா மனுவை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மனு என்றால் மாதக்கணக்கில் தூங்கும் ஆபீஸ், மொட்டைக் கடுதாசி என்றால் துள்ளி எழும். "குருவம்மா லைசென்ஸ் இல்லாமல் மையம் நடத்துகிறாள்" என்று ஒன்று வந்த அன்றைக்கே நல்லசிவம் ஜீப்பில் வந்து இறங்கி, வாசலிலேயே சீல் வைப்பதற்கான நோட்டீஸ் எழுத ஆரம்பித்தார்.

"பிள்ளைங்க இருபத்திரண்டு, வாசல் ரெண்டு, கக்கூஸ் ஒண்ணு, தீயணைப்பு சிலிண்டர் ஒண்ணு. எதையும் விட்டுடாதீங்க சார், அப்பத்தான் கேஸ் நிக்கும்" என்று குருவம்மாவே எடுத்துக் கொடுத்தாள். அவரும் எழுதி, 'நேரில் கண்டேன்' என்று முத்திரை குத்தினார்.

மறுநாள் அந்த நோட்டீஸையே மனுவோடு இணைத்து அவர் மேஜையில் வைத்தாள்.

"நீங்க கேட்ட சான்றுங்க சார். பொய்யின்னா நோட்டீஸைக் கிழிச்சுடுங்க. நிசம்னா லைசென்ஸ் குடுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நல்லசிவம் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் பொறி தட்டியது.

"அந்தக் கடுதாசி எழுதினது யாரு?"

"நான்தானுங்க சார். அவசரத்துல கையெழுத்துப் போட மறந்துட்டேன்."