பலாக்கிளையில் ஐந்து துளைகள்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் பதினாறு பலாமரங்கள் நின்றன. கோடை முழுவதும் குரங்குக் கூட்டத்தின் வயிற்றை நிரப்பியவை அவைதாம்.

ஓர் ஆண்டு வெள்ளத்தில், எங்கிருந்தோ ஒரு கட்டை மிதந்து வந்து கரையில் ஒதுங்கியது. சில வாரங்கள் சென்றன. ஒருநாள் காலை, கரையோரப் பலாமரத்தைத் தட்டிப் பார்த்த மரங்கொத்தி, குரங்குத் தலைவனிடம் பறந்து வந்தது.

"தலைவரே, கிழக்குக் கிளையில் ஐந்து துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் கடுகளவு. நம் காட்டு வண்டு இப்படித் துளைக்காது. அந்தக் கட்டையோடு புது வண்டு வந்திருக்கிறது. கிளையை இன்றே ஒடித்துவிட்டால் மரம் பிழைக்கும்."

குரங்கு சிரித்தது. "காடெல்லாம் ஓட்டை போடுகிற நீயா ஓட்டையைப் பற்றிப் பேசுகிறாய்? அந்தக் கிளையில் ஒன்பது பிஞ்சுகள் இருக்கின்றன, தெரியுமா?"

"பதினொன்று, தலைவரே. இலை மறைவில் இரண்டு."

குரங்குக்குக் கோபம் வந்துவிட்டது. அது காட்டு வழக்குகளைத் தீர்த்துவைக்கும் யானையிடம் ஓடியது.

"யானையாரே, இந்தப் பறவை தானே துளைத்துவிட்டுக் கிளையை ஒடிக்கச் சொல்கிறது. இதைக் காட்டைவிட்டு விரட்டுங்கள்!"

யானை, பின்னாலேயே பறந்து வந்திருந்த மரங்கொத்தியைப் பார்த்தது. "அவை உன் அலகு போட்ட துளைகள் இல்லையென்று எப்படி நம்புவது?"

"ஐந்தையும் களிமண்ணால் அடைக்கச் சொல்லுங்கள். பொழுது சாயும்வரை நான் உங்கள் முதுகிலேயே உட்கார்ந்திருக்கிறேன்."

குரங்கே மண்ணைக் குழைத்து அடைத்தது. மூவரும் மரத்தடியில் காத்திருந்தனர்.

உச்சிவேளை கழிந்தது. ஓர் அடைப்பில் விரிசல் விட்டது. உள்ளிருந்து மரத்தூள் திரிபோல நீண்டு வந்து உதிர்ந்தது. மாலைக்குள் ஐந்து துளைகளும் திறந்துவிட்டன. மரங்கொத்தி அசையவே இல்லை.

குரங்கின் குரல் தணிந்தது. "மற்றக் கிளைகளில்?"

"எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டேன். மற்றப் பதினைந்து மரங்களையும் பார்த்துவிட்டேன். இன்றுவரை இல்லை."

குரங்கு பிஞ்சுகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. "ஒடியுங்கள், யானையாரே," என்றது.

யானை கிளையை ஒடித்தது. கரையில் கிடந்த கட்டையையும் சேர்த்து இழுத்துப்போய், ஆற்று மடுவில் அமிழ்த்தி, மேலே பாறையை வைத்தது.

கோடையில் அந்த மரத்தில் இருபத்தெட்டுப் பழங்கள் பழுத்தன. குரங்கு முதல் பழத்தைப் பிளந்து, பெரிய சுளையாகப் பார்த்து மரங்கொத்தியிடம் நீட்டியது.

"நான் சுளை தின்பதில்லை, தலைவரே. எனக்குப் புழுதான் உணவு."

"ஐயோ, இந்த மரத்தில் ஒரு புழுகூட இல்லையே!"

"அந்தச் சொல்லைக் காதால் கேட்கத்தான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு, மரங்கொத்தி அடுத்த மரத்தைத் தட்டப் போயிற்று.

நீதி: கேடு சிறிதாக இருக்கும்போதே அதைக் காட்டுபவரைப் பழிக்காமல், சொன்னதைச் சோதித்துப் பார்த்து உடனே செயல்பட வேண்டும்.