சுண்ணாம்புக் கோட்டு வீட்டில் பால் காய்ச்சிய ராஜா

வாங்க, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. காலை நீட்டிக்கிறவங்க இப்பவே நீட்டிக்கலாம். இந்தக் கதையில காலை மடக்குற வேலைதான் ஜாஸ்தி.

வெகு காலத்துக்கு முன்னால் கருங்கோட்டைச் சீமையை வீரகண்ட ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் ஆசைப்பட்ட காரியத்துக்கு யாரும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னவர், ராஜாவுக்கு அது மறந்து போகும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ராஜாவுக்கோ லேசில் மறக்காது. அதனால் சபை ஓரத்தில் எப்போதும் இரண்டு மூன்று பேர் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படி நிற்காதவர் மந்திரி திருமேனி ஒருவர்தான். அதைப் பார்த்துப் பார்த்து, சீமையின் வரிக்கணக்கைக் கவனிக்கும் பேஷ்கார் ஐராவதத்துக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் பேஷ்கார் ஒரு பெரிய துணியைச் சபையில் விரித்தார். துணி முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. புதுத் தெரு போடுவதென்றால் முதலில் சபையில் விரித்துக் காட்டி, ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். அது அந்தச் சீமை வழக்கம்.

“மகாராஜா, கோட்டைக்குள்ள மூச்சு முட்டுது. வெளியே ஏரி வரைக்கும் வெறும் பொட்டல், ஈ காக்கா கிடையாது. மனை மனையாப் பிரிச்சிட்டா ஜன்னலைத் திறந்தா ஏரிக்காத்து, வாசலைத் திறந்தா கடைத்தெரு. நட்டநடுவுல இந்தப் பெரிய மனை தங்களுக்கு.”

ராஜாவின் மனசு அப்போதே அங்கே குடி போய்விட்டது.

மாட்டுக்காரக் குடிகளின் தலைவி சடைச்சி முன்னால் வந்தாள். “சாமி, அது எங்க மாடு ஏரிக்குத் தண்ணிக்குப் போற வழி. அதை அடைச்சிட்டா நாங்க சீமையை விட்டே போக வேண்டியதுதான்.”

“மலையைச் சுத்திப் போகட்டுமே,” என்றார் பேஷ்கார்.

“எங்கிட்டச் சொன்னா நான் கேட்டுக்குவேன். மாட்டுகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. “அப்போ, வேண்டாம்கிறியா?”

“வேண்டாம் சாமி.”

அவளும் ஓரமாகப் போய் ஒற்றைக் காலில் நின்றாள். பேஷ்கார் மெதுவாகத் திரும்பி, “மந்திரியார் என்ன சொல்றாரோ?” என்று கேட்டார்.

திருமேனி யோசித்தார். சரி என்றால் ஒரு குடியே ஊரை விட்டுப் போகும். வேண்டாம் என்றால் கொக்கோடு கொக்காக நிற்க வேண்டும். நிற்கிற கொக்கின் பேச்சைச் சபையில் யார் கேட்பார்கள்? சடைச்சியைப் பார்த்தார். அவள் கால் ஆடவில்லை.

“அருமையான யோசனை,” என்றார் திருமேனி. “நாளைக்கே பால் காய்ச்சிடலாம்.”

“வீடே இல்லையே ஐயா,” என்றார் ராஜா.

“பேஷ்கார் துணியில கோடு போட்டார், வீடுன்னு நம்பினோம். அதே கோட்டைத் தரையில போட்டா ஆகாதா? ஒண்ணுதான் குறை. பால் காய்ச்சுற வீட்டுக்குள்ள முதல்ல பசு நுழையணும். இந்த அம்மா காலை இறக்கினாத்தான் பசு வரும்.”

“இறக்கட்டும். ஒரே ஒரு பசு, தெரிஞ்சுதா?”

மறுநாள் விடிந்ததும் பொட்டலில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. இது கூடம், இது அடுப்படி, இது பள்ளியறை. ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பேஷ்காரே, சுவர் மேல ஏறி வராதீர். வாசல் அந்தப் பக்கம்,” என்றார். பேஷ்கார் சுற்றிக்கொண்டு வந்து, இல்லாத நிலைப்படிக்குக் குனிந்து நுழைந்தார்.

சடைச்சியின் செவலைப் பசு மணியாட்டிக்கொண்டு வந்தது. ராஜா அதன் நெற்றியில் குங்குமம் வைத்தார். பின்னாலேயே கன்று வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பசு, பிறகு ஒரு காளை, அப்புறம் புழுதி கிளம்ப மந்தை மொத்தமும்.

“ஒண்ணுதானே கேட்டேன்?” என்றார் ராஜா.

“நான் ஒண்ணைத்தான் கூப்பிட்டேன் சாமி. மத்ததுக்கு இவ பின்னால நடந்துதான் பழக்கம்.”

பேஷ்காரின் வேலையாள் ஒருவன் கம்பை எடுத்தான். திருமேனி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “பால் காய்ச்சுற நாள்ல உள்ளே வந்த உயிரை விரட்டினா, வீட்டு லட்சுமியையே விரட்டின மாதிரியாச்சே. மகாராஜா வாங்கன்னு சொல்லணும்.”

“வாங்க, வாங்க,” என்றார் ராஜா, காளையிடம். ஓர் எருமை பள்ளியறையில் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது. ஒரு கிடேரி பேஷ்காரின் தலைப்பாகை நுனியை மென்று பார்த்தது.

“மந்திரியாரே, இதெல்லாம் நாளைக்கும் வருமா?”

“தினமும் ரெண்டு வேளை வரும் மகாராஜா. நிஜச் சுவர் வந்துட்டா வராது. அப்புறம் அரண்மனைத் தயிருக்கும் நெய்க்கும் நாமதான் மாட்டைத் தேடி அடுத்த சீமைக்குப் போகணும்.”

தயிர் இல்லாமல் ராஜாவுக்குச் சோறு இறங்காது. யோசித்தபடியே ஓரடி பின்னால் வைத்தார். கால் சதக்கென்று சூடான சாணியில் இறங்கியது.

“ஐயையோ, இந்த மனையே வேண்டாம்,” என்று காலைத் தூக்கிக்கொண்டார்.

கூட வந்திருந்த சபை மொத்தமும் அந்தத் தூக்கிய காலையே பார்த்தது. சடைச்சிதான் மெதுவாகச் சொன்னாள்: “சாமி நிக்கிறது எங்களை விட அழகாத்தான் இருக்கு.”

ராஜா தம் காலைப் பார்த்தார். ‘வேண்டாம்’ என்று சொன்னதும் தாம்தான், ஒற்றைக் காலில் நிற்பதும் தாம்தான். சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதற்காக நிற்கிறோம் என்பதே மறந்து போகுமளவு சிரித்தார்.

“மாட்டு வழி மாட்டுக்கே,” என்றார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார். “ஆனா ஊருக்கு வீடு வேணுமே ஐயா?”

“கோட்டைக்கு மேற்கே பேஷ்காரோட மாந்தோப்பு இருக்கு மகாராஜா. மதில் கட்டி வெச்சிருக்கார். அங்கதான் நிஜமாவே ஈ காக்கா நுழைய முடியாது.”

“ஐயோ, அது வேண்டாம் மகாராஜா,” என்றார் ஐராவதம்.

எல்லார் கண்ணும் அவர் காலுக்குப் போனது. பேஷ்கார் அசடு வழிய ஒரு காலைத் தூக்கினார். தள்ளாடினார்.

திருமேனி பக்கத்தில் போய்த் தம் தோளைக் கொடுத்தார். “பிடிச்சுக்குங்க பேஷ்காரே.” பிறகு மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். கோடு போட்ட சட்டியில் மிச்சமிருந்த சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்து, நரம்பு பார்த்துத் தடவி, பாக்கு வைத்து மடித்து, பேஷ்காரின் வாயில் ஊட்டிவிட்டார்.